டோபமைன் ஏற்பிகளும் நினைவாற்றலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் பயிலும் மாணவர்கள், பார்க்கின்சன் நோயாளிகளை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்பவர்கள், பிள்ளைகளின் மறதியை எண்ணிக் கவலைப்படும் பெற்றோர் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. டோபமைன் மகிழ்ச்சி ஹார்மோன்தானே? அதுக்கும் ஞாபகசக்திக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் பெயர் பரவலாகிவிட்டாலும் அது பொருத்தமானதன்று. மூளைக்குள் டோபமைன் பெரும்பாலும் நரம்புக்கடத்தியாகவே, அதாவது ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருளாகவே வேலை செய்கிறது. மகிழ்ச்சியை நுகரும் நேரத்தைவிட, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் நேரத்தில்தான் டோபமைன் நரம்பணுக்கள் மிகுதியாகத் துடிக்கின்றன. நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் இதை நேரடியாகப் பதிவு செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்த நரம்பணுக்கள் வேகமாகத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கைக் கண்டதும் துடித்தனவே தவிர சாறு வந்தபோது எந்த மாற்றமும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனபோது துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. 1997-இல் அவரும் பீட்டர் டயானும் ரீட் மான்டேக்கும் இதைக் கற்றலுக்கான பிழைக்குறிப்பு என்று விளக்கினர். கற்பதற்கான குறிப்பையே தருகிற ஒரு பொருளுக்கு நினைவோடு தொடர்பு இருப்பது இயல்பே.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் நடுமூளையில் டோபமைனைச் சுரப்பவை சில லட்சம் மட்டுமே. ஆனால் அவை ஒவ்வொன்றின் கிளைகளும் மிக நீண்டு பரவி, உடல் அசைவு, ஊக்கம், நினைவு, முடிவெடுத்தல் ஆகியவற்றுக்குரிய பல பகுதிகளையும் தொடுகின்றன.

2. ஏற்பின்னா என்ன? டோபமைன் சுரந்தா போதாதா?

போதாது. சுரந்த டோபமைன் அடுத்த நரம்பணுவின் மேற்பரப்பில் தனக்கென அமைந்திருக்கும் புரதத்தில் பொருந்தினால்தான் அங்கே ஏதாவது நடக்கும். அந்தப் புரதத்தையே ஏற்பி என்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரே மணி அடிக்கும்போது ஒரு வகுப்பு சாப்பிடப் போகிறது, இன்னொரு வகுப்பு தேர்வுத்தாளைக் கொடுத்துவிட்டு எழுகிறது. மணியோசை ஒன்றுதான், அதன் பொருளைக் கேட்பவர்களே முடிவு செய்கிறார்கள். டோபமைனின் கதையும் அப்படிப்பட்டதே. எந்த ஏற்பி, மூளையின் எந்தப் பகுதியில், எவ்வளவு டோபமைனைச் சந்திக்கிறது என்ற மூன்றையும் விட்டுவிட்டு "டோபமைன் கூடினால் இது நடக்கும்" என்று சொல்லும் எந்த வாக்கியமும் அரைகுறையானது. கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த ஒன்றையே வெவ்வேறு இடங்களில் காட்டுகின்றன.

3. அஞ்சு வகை ஏற்பி இருக்குன்னு புத்தகத்துல இருக்கு. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

இரண்டு குடும்பங்களை மட்டும் தெளிவாகப் புரிந்துகொண்டால் போதும். கெபாபியனும் கால்னும் 1979-இல் வகுத்த பிரிவினையே இன்றும் அடிப்படையாக இருக்கிறது. டி1, டி5 ஆகியவை முதல் குடும்பம். இவற்றில் டோபமைன் பொருந்தும்போது அணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் செய்திப்பொருள் கூடுகிறது. டி2, டி3, டி4 ஆகியவை இரண்டாம் குடும்பம். இவற்றில் பொருந்தும்போது அதே செய்திப்பொருள் குறைகிறது. ஒரே டோபமைன் ஓரிடத்தில் முடுக்கியாகவும் வேறிடத்தில் தடையாகவும் அமைவதற்கு இதுவே முதற்காரணம். 1988-இல் டி2 ஏற்பியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. 1991-க்குள் மற்ற நான்கும் கிடைத்துவிட்டன.

இருப்பிடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்மூளையில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியில் டி1, டி2 இரண்டும் செறிவாக உள்ளன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணியில் டி1 ஏற்பிகள் டி2-ஐவிடப் பல மடங்கு அதிகம். அனுபவங்களைப் பதிவு செய்யும் பகுதியான ஹிப்போகாம்பஸில் டி1-உடன் டி5-உம் குறிப்பிடத்தக்கது. டி2-இல் இன்னொரு நுணுக்கம் உண்டு: டோபமைனைச் சுரக்கும் நரம்பணுவின் மீதே அமர்ந்து, "போதும், நிறுத்து" என்று தன் சுரப்பைத் தானே கட்டுப்படுத்தும் தன்னேற்பியாகவும் அது செயல்படுகிறது.

4. செயல்நினைவில் டோபமைனுக்குப் பங்கு உண்டு என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

செயல்நினைவு என்பது ஒரு வேலை முடியும்வரை தகவலை மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறன். ஓடிபி எண்ணைப் பார்த்துவிட்டு வேறொரு திரையில் தட்டச்சு செய்யும் அந்தச் சில நொடிகளில் நாம் பயன்படுத்துவது இதைத்தான்.

1979-இல் புரோசோஸ்கியும் பட்ரிசியா கோல்ட்மேனும் (பின்னாளில் கோல்ட்மேன்-ராகிச்) உடன் பணியாற்றியவர்களும் ரீசஸ் குரங்குகளுக்கு ஒரு பணியைப் பழக்கினர். உணவு ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் என மாறி மாறி வைக்கப்படும். நடுவில் சில நொடிகள் திரை மறைக்கும். சென்ற முறை எந்தப் பக்கம் எடுத்தோம் என்பதை மனத்தில் வைத்திருந்தால்தான் சரியாகத் தேட முடியும். அதன்பின் அவர்கள் முன்நெற்றிப் புறணியில் டோபமைனை மட்டும் வற்றச் செய்தனர். அந்தப் புறணியையே வெட்டி நீக்கினால் எவ்வளவு தடுமாற்றம் வருமோ, ஏறத்தாழ அவ்வளவு தடுமாற்றம் வந்தது. டோபமைனின் முன்னோடியான எல்-டோபா கொடுத்ததும் திறன் மீண்டது. நரம்பணுக்கள் அப்படியே இருந்தும், டோபமைன் இல்லாமையே நினைவைக் குலைத்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்நாளில் இல்லை.

எந்த ஏற்பி என்பதை 1991-இல் சவாகுச்சியும் கோல்ட்மேன்-ராகிச்சும் காட்டினர். குரங்கு திரையின் நடுப்புள்ளியையே பார்த்திருக்கும். ஓரத்தில் ஓர் ஒளி மின்னி மறையும். சில நொடிகள் கழித்து, ஒளி இருந்த இடத்துக்குக் கண்ணைத் திருப்ப வேண்டும். டி1 குடும்பத்தைத் தடுக்கும் மருந்தை முன்நெற்றிப் புறணியில் சிறு அளவில் செலுத்தியபோது, காத்திருக்கும் நேரம் கூடக்கூடக் கண் திரும்பும் இடத்தில் பிழையும் கூடியது. ஒளி அணையாமல் கண்முன்னே இருந்தபோதோ எந்தப் பிழையும் இல்லை. பார்வையும் கண் அசைவும் பழுதுபடவில்லை. மனத்தில் பிடித்து வைப்பது மட்டுமே பழுதுபட்டது. இந்த ஒப்பீடுதான் அந்த ஆய்வின் அழகு.

5. அப்படின்னா டி1 ஏற்பியை நல்லா தூண்டிவிட்டா புத்தி கூர்மையாகுமே?

மிக இயல்பாக எழும் எண்ணம் இது. ஆனால் உண்மை அவ்வாறில்லை. டி1 தூண்டலைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால் செயல்நினைவு முதலில் மேம்பட்டு, ஓர் உச்சத்தை அடைந்து, பிறகு சரிகிறது. வரைபடமாக வரைந்தால் தலைகீழான ப போன்ற வளைவு கிடைக்கும். ஏமி ஆர்ன்ஸ்டன் குழுவினர் 1997-இல் எலிகளில் டி1 ஏற்பியை அளவுக்கு மீறித் தூண்டியபோதும் செயல்நினைவு குலைவதைக் காட்டினர். பின்னர் குரங்குகளின் தனித்தனி நரம்பணுக்களிலும் இதே போக்கு பதிவானது.

காரணம் இதுதான். அளவான டி1 தூண்டல், தேவையற்ற குறிப்புகளை அடக்கி, நினைவில் வைத்திருக்க வேண்டிய குறிப்புக்கான துடிப்பை மட்டும் எடுப்பாக விடுகிறது. அளவு மீறினால் சைக்ளிக் ஏஎம்பி பெருகி, நரம்பணுவின் சவ்வில் உள்ள அயனி வாயில்கள் திறந்து, எடுப்பாக இருக்க வேண்டிய துடிப்பும் சேர்ந்தே அடங்கிவிடுகிறது.

6. பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் படித்ததெல்லாம் மறந்துபோகிறது. இதுவும் டோபமைனால்தானா?

ஒரு பங்கு அப்படித்தான். கட்டுக்கடங்காத பதற்றத்தின்போது முன்நெற்றிப் புறணியில் டோபமைனும் நார்அட்ரினலின் என்னும் மற்றொரு நரம்புக்கடத்தியும் வெள்ளமாகச் சுரக்கின்றன. 5-ஆம் பதிலில் சொன்ன வளைவில் நாம் உச்சத்தைத் தாண்டிச் சரியும் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். பெருஞ்சத்தத்தால் பதற்றமூட்டப்பட்ட குரங்குகளிடமும் இதே தடுமாற்றம் காணப்பட்டது. டோபமைன் ஏற்பிகளை முன்கூட்டியே தடுத்து வைத்தபோது அது தவிர்க்கப்பட்டது.

படித்தது அழிந்துவிடவில்லை, அதை எடுத்து ஒழுங்குபடுத்தும் திறன்தான் அந்நேரத்தில் தடுமாறுகிறது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். மண்டபத்தை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் விடை தானாக நினைவுக்கு வருவது அதனால்தான். அந்தப் பிள்ளையைப் பார்த்து "நீ ஒழுங்காகப் படிக்கவில்லை" என்று சொல்வது பதற்றத்தைக் கூட்டுமே தவிர வேறொன்றுக்கும் உதவாது.

7. எல்லாம் டி1 செய்கிறது என்றால் டி2-க்கு என்ன வேலை?

பிடித்து வைப்பது எவ்வளவு முக்கியமோ, தேவை மாறும்போது பிடியை விட்டுப் புதியதை உள்ளே விடுவதும் அவ்வளவு முக்கியம். இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கத்தின்படி, முன்நெற்றிப் புறணியின் டி1 தூண்டல் மனத்திலுள்ள குறிப்பை நிலைப்படுத்துகிறது. ஸ்ட்ரையேட்டத்தின் டி2 ஏற்பிகள் அதைப் புதுப்பிக்கவும் மாற்றவும் துணைபுரிகின்றன. இரண்டுக்கும் இடையிலான சமநிலையே நாம் அன்றாடம் "நிதானமான புத்தி" என்று சொல்வதற்கு மிக அருகில் இருக்கிறது என்பது என் கருத்து.

டி2 விஷயத்திலும் "கூட்டினால் நல்லது" என்ற கணக்கு செல்லாது. கிம்பெர்க், டி'எஸ்போசிட்டோ, ஃபாரா ஆகியோர் 1997-இல் நலமான இளைஞர்களுக்கு டி2 தூண்டியான புரோமோகிரிப்டினைக் கொடுத்தபோது, செயல்நினைவு குறைவாக இருந்தவர்கள் மேம்பட்டனர். ஏற்கெனவே நன்றாக இருந்தவர்கள் பின்தங்கினர். 2006-இல் எரிக் கேண்டல் உள்ளிட்ட குழுவினர், ஸ்ட்ரையேட்டத்தில் மட்டும் டி2 ஏற்பிகள் மிகையாக இருக்கும்படி சுண்டெலிகளை உருவாக்கினர். அவற்றின் செயல்நினைவு பழுதுபட்டது மட்டுமன்று, வளர்ந்த பின் அந்தக் கூடுதல் மரபணுவை அணைத்தபோதும் பழுது நீங்கவில்லை. மூளை வளரும் காலத்தில் ஏற்படும் மிகை, ஏற்பிகளின் எண்ணிக்கை பழையபடி ஆன பின்னும் தன் தடத்தை விட்டுச்செல்கிறது.

8. நான் கேட்பது சில நொடி நினைவை அல்ல. படித்த பாடம் வருடக்கணக்கில் தங்குவதற்கும் டோபமைன் வேண்டுமா?

வேண்டும், ஆனால் அதற்கு இடம் வேறு. அனுபவங்களைப் பதிவு செய்வதில் ஹிப்போகாம்பஸ் முதன்மையானது. அங்கே நரம்பிணைப்புகள் வலுப்படும்போது முதல் சில மணி நேர வலுவுக்கு டோபமைன் கட்டாயமில்லை. அந்த வலு நீடித்து நிலைக்க டி1, டி5 ஏற்பிகள் தேவை. இவற்றைத் தடுத்துவிட்டால் தொடக்கத்தில் பதிந்தது சில மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது. ஏற்பியின் செய்தி அணுவுக்குள் சென்று புதிய புரதங்களை உருவாக்கச் செய்வதும், அவை நரம்பிணைப்பை உறுதிப்படுத்துவதுமே நிலைத்த நினைவின் வழி.

எது நிலைக்கும், எது கரையும் என்பதில் புதுமைக்குப் பெரும் பங்கு உண்டு. 2016-இல் வெளியான ஆய்வொன்றில், சுண்டெலிகள் ஒரு களத்தில் உணவு புதைந்திருக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டன. சாதாரணமாக அந்த நினைவு மறுநாளுக்குள் மங்கிவிடும். ஆனால் கற்ற அரைமணி நேரம் கழித்து, முன்பின் பாராத தரை விரித்த பெட்டிக்குள் அவற்றைச் சிறிது நேரம் உலவவிட்டால், அதற்கு முன் கற்ற அந்த நினைவும் மறுநாள்வரை நிலைத்தது. ஹிப்போகாம்பஸில் டி1, டி5 ஏற்பிகளைத் தடுத்தபோது இந்தப் பயன் கிட்டவில்லை. இதற்கான டோபமைன், எதிர்பார்த்தபடி நடுமூளையின் டோபமைன் மையத்திலிருந்து வராமல், நார்அட்ரினலினுக்குப் பெயர்பெற்ற லோகஸ் செருலியஸ் என்ற சிறு மையத்திலிருந்து பெரும்பாலும் வந்தது என்பது அனைவரையும் வியக்கவைத்த செய்தி.

9. பரிசு தருகிறேன் என்று சொன்னால் பிள்ளை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறான். இது சரியான முறையா?

நினைவு கூடுவது உண்மை. 2006-இல் ஆட்காக் குழுவினர், ஒவ்வொரு படத்தையும் காட்டுமுன், அதை நினைவில் வைத்தால் 5 டாலர் கிடைக்குமா, வெறும் 10 சென்ட் கிடைக்குமா என்று அறிவித்தனர். மறுநாள் சோதித்தபோது பெரிய பரிசுக்கான படங்களே அதிகம் நினைவிலிருந்தன. படம் வருவதற்கு முன்பே நடுமூளை டோபமைன் மையமும் ஹிப்போகாம்பஸும் இணைந்து முனைப்படைந்த அளவுக்கு நினைவும் அமைந்தது.

ஆனால் காசு மட்டுமே வழியன்று. 2014-இல் குரூபர் குழுவினர், விடையறியும் ஆவல் மிகுந்த கேள்விகளுக்கு விடை காத்திருக்கும் நேரத்தில் தொடர்பே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினர். ஆவல் மிகுந்திருந்த வேளையில் பார்த்த முகம்கூட நன்றாக நினைவில் தங்கியிருந்தது. பிள்ளைக்குக் கேள்வியை முதலில் கொடுத்துச் சற்றே காத்திருக்க வைத்து, பிறகு பாடத்தைத் திறப்பது பரிசைவிட நல்ல முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பரிசு நின்றால் அதனால் வந்த முனைப்பும் நின்றுவிடக்கூடும்.

10. மறப்பதற்கும் டோபமைன்தான் காரணம் என்று படித்தேன். முரணாக இல்லையா?

பழ ஈக்களில் அப்படித்தான் கண்டார்கள். 2012-இல் ரொனால்ட் டேவிஸின் ஆய்வகம், மணத்தையும் மின்னதிர்ச்சியையும் தொடர்புபடுத்தக் கற்ற ஈக்களில், கற்பதற்கு ஒருவகை டோபமைன் ஏற்பியும் மறப்பதற்கு இன்னொரு வகை ஏற்பியும் தேவைப்படுவதைக் காட்டியது. 2-ஆம் பதிலை நினைவில் வைத்தால் இதில் முரண் ஏதுமில்லை. மனிதரில் மறதி இதே வழியில் நடக்கிறது என்று இதைக்கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

11. அப்பாவுக்குப் பார்க்கின்சன். மாத்திரை போட்டால் நடை சரியாகிறது, ஆனால் முன்பு இல்லாத பிடிவாதமும் வீண்செலவும் வந்திருக்கிறது. மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இருக்க வாய்ப்புண்டு, அவருடைய குணத்தைக் குறை சொல்வதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. பார்க்கின்சன் நோயில் ஸ்ட்ரையேட்டத்தின் டோபமைன் குறைந்திருப்பதை 1960-இல் எஹ்ரிங்கரும் ஹார்னிகீவிச்சும் கண்டறிந்தனர். ஆனால் அந்தக் குறைவு எங்கும் ஒரே அளவில் இல்லை. அசைவுக்குரிய மேற்பகுதி முதலில் பெரிதும் வற்றுகிறது. பரிசு, ஊக்கம் ஆகியவற்றுக்குரிய கீழ்ப்பகுதி நோயின் தொடக்க காலத்தில் ஓரளவு நலமாகவே இருக்கிறது. மேற்பகுதிக்குப் போதுமான அளவில் மருந்து கொடுக்கும்போது கீழ்ப்பகுதிக்கு அது மிகையாகிவிடுகிறது. 5-ஆம் பதிலில் சொன்ன அதே வளைவுதான், ஒரே மூளையின் இரு பகுதிகள் அதன் இரு பக்கங்களில் நிற்கின்றன.

2004-இல் மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் நோயாளிகளுக்கு ஜப்பானிய எழுத்துகளை இரண்டிரண்டாகக் காட்டி, எது அடிக்கடி சரியாக அமைகிறது என்பதை முயன்று கற்கவைத்தனர். மருந்து உட்கொண்டிருந்தவர்கள் வெற்றியிலிருந்து நன்றாகக் கற்றனர். உட்கொள்ளாதவர்கள் தோல்வியிலிருந்து நன்றாகக் கற்றனர். தோல்வியின்போது டோபமைன் சற்றே தாழ்வதை டி2 ஏற்பிகள் உணர்ந்தால்தான் "இது வேண்டாம்" என்ற பாடம் பதியும். மருந்து அந்தத் தாழ்வை நிரப்பிவிடுவதால் பாடம் பதியாமல் போகிறது.

பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்று டி2, டி3 ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் மருந்துகளில், சூதாட்டம், அளவற்ற பொருள் வாங்குதல், மிகையுணவு, பாலுணர்வுக் கட்டுப்பாடின்மை ஆகியவை நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள். பலர் வெட்கத்தால் சொல்வதில்லை. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் நீங்களாகத் திடீரென நிறுத்தக்கூடாது. காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

12. வயசானா வர்ற மறதி, இந்த ஏற்பிகள் குறையறதாலயா?

ஒரு பகுதி அதனால்தான். இருபது வயதுக்குப் பிறகு டி1, டி2 ஏற்பிகள் பத்தாண்டுக்குச் சுமார் 5 முதல் 10 விழுக்காடு குறைவதாகப் பல அளவீடுகள் காட்டுகின்றன. ஸ்வீடனின் லார்ஸ் பேக்மன் குழுவினர் 2000-இல், ஸ்ட்ரையேட்டத்தின் டி2 அளவைக் கணக்கில் கொண்டால், வயதால் வருவதாகத் தோன்றும் நினைவு வேறுபாட்டின் பெரும்பகுதி அதனாலேயே விளங்கிவிடுவதைக் காட்டினர். பெயர் உடனே வராமை, இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் பார்க்க முடியாமை போன்றவை இந்த வகை.

அல்சைமர் நோய் வேறு. அங்கே முதன்மைச் சேதம் ஹிப்போகாம்பஸ் பகுதியின் நரம்பணுக்களுக்கும் அசிட்டைல்கோலின் என்னும் நரம்புக்கடத்தியின் அமைப்புக்கும் நேர்கிறது. காலையில் சொன்னது சொன்னதாகவே நினைவில்லை, பழகிய தெருவில் வழி தெரியவில்லை என்றால், "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

13. மனச்சிதைவு மருந்து டோபமைனைத் தடுக்கிறது என்கிறார்கள். தம்பிக்கு ஞாபகசக்தி குறைந்ததற்கு அந்த மருந்துதான் காரணமா? நிறுத்திவிடலாமா?

நிறுத்தக்கூடாது. மாயக்குரல், ஐயப்பிரமை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே டி2 ஏற்பிகளில் வேலை செய்கின்றன. லார்ஸ் ஃபார்டே உள்ளிட்டோரின் ஆய்வுகளின்படி, டி2 ஏற்பிகளில் சுமார் 65 முதல் 80 விழுக்காடுவரை மருந்து நிரம்பும்போது பலன் கிடைக்கிறது. 80-ஐத் தாண்டினால் கை நடுக்கமும் விறைப்பும் தோன்றுகின்றன. செயல்நினைவுக் குறைவோ பெரும்பாலோரிடம் முதல் மாத்திரைக்கு முன்பே, பல நேரங்களில் நோய் வெளிப்படுவதற்கு முன்பே இருக்கிறது. 7-ஆம் பதிலில் வந்த சுண்டெலிகள் உருவாக்கப்பட்டது இதை ஆராயத்தான்.

இருப்பினும் உங்கள் ஐயம் அடிப்படையற்றதன்று. 2000-இல் காஸ்ட்னர், வில்லியம்ஸ், கோல்ட்மேன்-ராகிச் ஆகியோர், டி2-ஐத் தடுக்கும் மனச்சிதைவு மருந்தான ஹாலோபெரிடாலை மாதக்கணக்கில் பெற்ற குரங்குகளுக்குச் செயல்நினைவு குறைவதையும், டி1 தூண்டி ஒன்றைச் சில நாள் கொடுத்தால் அது மீள்வதையும் கண்டனர். டி2-ஐ நீண்ட காலம் தடுத்தால், முன்நெற்றிப் புறணியின் டி1-உம் தளர்கிறது. ஆகவே மருந்தின் அளவையும் வகையையும் மறுபார்வையிடும்படி மனநல மருத்துவரிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. நடுக்கத்துக்கென்று சேர்த்துத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையும் நினைவைக் குறைக்கும் என்பதால், அது இன்னும் தேவையா என்றும் கேளுங்கள்.

14. வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கடையில் வாங்கும் மாத்திரை மூளையைப் பாதிக்குமா?

மெட்டோகுளோப்ரமைடு மூளைக்குள் சென்று டி2 ஏற்பியைத் தடுக்கும். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அது ஆகாது. டோம்பெரிடோன் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை, எனினும் இதயத்துடிப்புச் சிக்கல் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஃபுளூனரிசின் ஆகியவற்றை முதியவர்கள் மாதக்கணக்கில் தொடர்ந்தால், பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் மந்தமும் வரக்கூடும். புதிதாக நடுக்கம் கண்ட முதியவரை அழைத்துச் செல்லும்போது அவர் விழுங்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

15. பூனைக்காலி விதைப் பொடியில் இயற்கை டோபமைன் இருக்கிறதாமே? நினைவாற்றலுக்குச் சாப்பிடலாமா?

அதிலிருப்பது டோபமைன் அன்று, அதன் முன்னோடியான எல்-டோபா. இந்த வேறுபாடு முக்கியம். டோபமைனை விழுங்கினால் அது குருதியிலிருந்து மூளைக்குள் நுழையாது, எல்-டோபா நுழையும். சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் இந்த விதையில் எடையளவில் சுமார் 4 முதல் 6 விழுக்காடு எல்-டோபா இருக்கிறது. ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் 1950-களின் பிற்பகுதியில், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்த, மூளையின் டோபமைனை வற்றச் செய்யும் ரிசர்பினைக் கொடுத்து முயல்களை அசைவற்று விழச் செய்து, பிறகு டோபாவைச் செலுத்தி எழுந்து நடமாடவைத்தார். டோபமைன் தனியொரு நரம்புக்கடத்தி என்பதை நிலைநாட்டிய அந்தப் பணிக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே பூனைக்காலியை உணவுப்பொருளாக எண்ணாமல் மருந்தாகவே எண்ண வேண்டும். நலமான முதியவர்களுக்கு எல்-டோபா கொடுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வில், உடல் எடைக்கு நடுத்தர அளவு பெற்றவர்களுக்கு மட்டுமே நினைவு கூடியது; குறைந்தாலும் மிகுந்தாலும் பயனில்லை. விதைக்கு விதை மாறும் பொடியில் அந்த நடு அளவை யார் அளந்து தருவது? குமட்டல், இரத்த அழுத்தம் தாழ்தல், ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தோடு சேர்ந்து மிகையாதல் ஆகிய ஆபத்துகளும் உண்டு. பார்க்கின்சன் நோயாளி சித்த மருந்தும் எடுப்பதாயின் இரு மருத்துவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

16. கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட்டைப் போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்கள் சாப்பிடலாமா?

கூடாது. சுரந்த டோபமைன் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. கவனக்குறைவு மிகைசெயல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, வளைவின் தாழ்ந்த பக்கத்திலிருந்து உச்சத்துக்கு ஏற அது உதவுகிறது. மருத்துவர் பரிந்துரைத்திருந்தால் அஞ்ச வேண்டாம். ஏற்கெனவே உச்சத்தருகே இருப்பவருக்கு நேர்வது 7-ஆம் பதிலில் வந்த புரோமோகிரிப்டின் கதையாகலாம். விழிப்பும் தன்னம்பிக்கையும் கூடுவதை அறிவு கூடியதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். ஓர் இரவு தூக்கம் கெட்டாலே ஸ்ட்ரையேட்டத்தில் டி2, டி3 ஏற்பிகள் கிடைக்கும் அளவு குறைவதை நோரா வோல்கோவ் குழுவினர் 2012-இல் காட்டியிருப்பதால், மாத்திரை போட்டு விழித்திருந்து படிப்பது இருபக்கமும் நட்டம்.

17. சிஓஎம்டி மரபணுச் சோதனை செய்தால் நான் எந்த வகை என்று தெரிந்துவிடுமா?

அந்த மரபணு தரும் நொதி, முன்நெற்றிப் புறணியில் டோபமைனைச் சிதைக்கிறது. அதில் வேலின், மெத்தியோனின் என இரு வடிவங்கள் உண்டு. வேலின் வடிவம் வேகமாகச் சிதைப்பதால் டோபமைன் குறைவாக நிற்கும். 2003-இல் மாத்தே குழுவினர் டோபமைனைக் கூட்டும் ஆம்ஃபிடமின் கொடுத்தபோது வேலின் வடிவத்தினரின் முன்நெற்றிப் புறணி சிறப்பாக இயங்கியது. மெத்தியோனின் வடிவத்தினர் கடினமான பணியில் தடுமாறினர். வளைவுக் கருத்துக்கு இது நல்ல சான்று. ஆனால் பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த ஒரு மரபணுவால் தனிமனிதரின் நினைவாற்றலில் விளையும் வேறுபாடு மிகச் சிறியது என்றே தெரிந்தது. காசு கொடுத்துச் சோதிப்பதில் பயனில்லை.

18. ஒரு வாரம் ஃபோனைத் தொடாமல் "டோபமைன் டிடாக்ஸ்" செய்தால் ஏற்பிகள் புதுப்பிக்கப்படுமா?

ஃபோனை விலக்கி வைப்பது நல்லதே. கவனச்சிதறல் குறையும், தூக்கம் மேம்படும். அதற்கு ஏற்பிகளைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை. மெத்தாம்ஃபிடமின் போன்ற போதைப்பொருளுக்கு அடிமையானவர்களிடம் டி2 அளவு குறைந்திருப்பது படமெடுத்துக் காட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து ஃபோனுக்குத் தாவி, ஒரு வார விரதத்தில் ஏற்பிகள் மீளும் என்று சொல்வதற்குச் சான்றில்லை. டோபமைன் நச்சுப்பொருளும் அன்று. அது அடியோடு வற்றினால் என்ன ஆகும் என்பதைக் கார்ல்சனின் முயல்கள் காட்டிவிட்டன.

19. ஸ்கேன் எடுத்து என் ஏற்பிகளை எண்ண முடியுமா? பயிற்சியால் அவற்றை மாற்ற முடியுமா?

எம்ஆர்ஐ ஸ்கேனில் ஏற்பிகள் தெரியாது. பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுப்பான பெட் ஸ்கேனில், கார்பன்-11 ஏற்றிய ராக்லோபிரைடு போன்ற பொருளை ஊசிவழி செலுத்தி, ஏற்பிகளில் அது எவ்வளவு தங்குகிறது என்று அளக்கிறார்கள். கார்பன்-11 சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடுவதால், அதை உருவாக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கிடைப்பதும் எண்ணிக்கையன்று, எவ்வளவு ஏற்பி காலியாகக் கிடைக்கிறது என்ற மதிப்பீடுதான். இது ஆய்வுக்கு உரியது; மறதிக்காக யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

பயிற்சியைப் பற்றி 2009-இல் டார்கெல் கிளிங்பெர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்கள் 13 பேர் ஐந்து வாரங்களில் சுமார் 14 மணி நேரம் செயல்நினைவுப் பயிற்சி செய்தனர். அவர்களுடைய புறணியில் டி1 பிணைப்பு மாறியிருந்தது. டி1 பிணைப்பு அதிகம் குறைந்தவர்களே அதிகம் முன்னேறியிருந்தனர். ஏற்பிகள் பழக்கத்துக்கேற்ப மாறுகின்றன என்பதற்கு இது நல்ல அறிகுறி. ஆனால் இத்தகைய பயிற்சியில் பெற்ற திறன் அந்தப் பயிற்சியைத் தாண்டிப் பள்ளிப் பாடத்துக்கோ அன்றாட வேலைக்கோ பெரிதாகப் பரவுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

20. டி1 தூண்டி குரங்குகளின் நினைவை மீட்டது என்றீர்கள். அந்த மாத்திரை மனிதருக்கு ஏன் இன்னும் வரவில்லை?

பழைய டி1 தூண்டிகள் டோபமைனின் வேதி அமைப்பையே ஒத்திருந்ததால், விழுங்கினால் குடலிலும் ஈரலிலுமே சிதைந்தன. ஊசியாகச் செலுத்தினாலும் சிறிது நேரமே நின்று, இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தின. அண்மைக் காலத்தில்தான் வேறு அமைப்புடைய, வாய்வழி உட்கொள்ளத்தக்க மருந்துகள் உருவாகியுள்ளன. அவற்றுள் ஒன்றான டாவபடான், டி1, டி5 ஏற்பிகளை முழுமையாகத் தூண்டாமல் ஓரளவே தூண்டுவது. பார்க்கின்சன் நோயின் அசைவுக் குறைபாட்டில் அது பயன் தருவதாக மூன்றாம் கட்டச் சோதனை முடிவுகள் 2024-இல் வந்தன.

நினைவுக்காகத் தருவது இதைவிடக் கடினம். அசைவு சரியாகிறதா என்பதை நோயாளி நடக்கும்போதே பார்த்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். நினைவில், ஒருவர் அந்த வளைவின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பது மருந்து கொடுக்குமுன் தெரிந்தாக வேண்டும். 17-ஆம் பதிலில் கண்ட மரபணுச் சோதனையோ, 19-ஆம் பதிலில் கண்ட ஸ்கேனோ ஒரு தனிமனிதருக்கு அதைச் சொல்லித் தரும் நிலையில் இல்லை. மருந்தைக் கண்டுபிடிப்பதோடு அந்த அளவுகோலையும் கண்டுபிடிக்கும் வேலை ஆய்வாளர்களுக்குப் பாக்கியிருக்கிறது.